அட்டை மலையும் சேற்று ஊதாவும்

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து சேர்வராயன் மலையை வரைந்தீர்கள். மரம் பச்சை என்பதால் மலையையும் பச்சையாகப் பூசினீர்கள். அது அட்டையை வெட்டி ஒட்டியதுபோல் நிற்கிறது. வண்ணச் சக்கரத்தை நம்பி நீலத்தில் சிவப்பைக் கலந்தீர்கள். ஊதாவுக்குப் பதில் சேறு வந்தது. அச்சகத்தில் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன், சிவப்பு, மஞ்சள், நீலம் அடிப்படை நிறங்களே இல்லை என்று சொல்லிக் குழப்பிவிட்டார். நுண்கலைக் கல்லூரி நுழைவுத் தேர்வு நெருங்குகிறது, யாரை நம்புவது என்று கேட்கிறீர்கள்.

அண்ணனிடமிருந்து தொடங்குகிறேன். சேற்றுக்கும் விடை அவரிடம்தான் இருக்கிறது.

நம் விழித்திரையில் நிறம் காண்பதற்கென்று மூன்று வகைச் செல்கள் இருக்கின்றன. வெளிச்சம் அந்த மூன்றையும் எந்த விகிதத்தில் தூண்டுகிறது என்பதைத்தான் மூளை நிறமாக வாசிக்கிறது. ஆகவே வெளிச்சத்தைக் கொண்டு நிறம் உண்டாக்கச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள் போதும். கைபேசியில் ஒரு மல்கோவா மாம்பழத்தின் படத்தைத் திறந்து, திரையின்மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் வைத்து உற்றுப் பாருங்கள். மஞ்சள் புள்ளி ஒன்றுகூட இருக்காது. சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் அடுத்தடுத்து எரிந்துகொண்டிருக்கும். மஞ்சளை உங்கள் தலைக்குள் நீங்களே செய்துகொள்கிறீர்கள்.

சாயமும் மையும் இதற்கு நேர்மாறு. அவை வெளிச்சம் தருவதில்லை, தின்கின்றன. தாளில் விழும் வெள்ளை வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. சிவப்பைத் தின்னும் மை சயான், பச்சை கலந்த நீலம். பச்சையைத் தின்னும் மை மஜெண்டா, வாடாமல்லி நிறம். நீலத்தைத் தின்னும் மை மஞ்சள். ஆளுக்கு ஒரு பங்கு. அச்சகம் இந்த மூன்றையும் வைத்திருப்பது அதனால்தான். மூன்றையும் சேர்த்து அடித்தாலும் முழுக் கறுப்பு வராமல் அழுக்குப் பழுப்பாக நிற்கும் என்பதால் நான்காவதாகக் கறுப்பு மை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாச் சுவரொட்டியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நான்கு மையும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அப்படியென்றால் பள்ளியில் சொன்னது பொய்யா? இல்லை. சிவப்பு, மஞ்சள், நீலம் என்பது ஓவியர்களும் சாயக்காரர்களும் தங்கள் கையில் இருந்த நிறமிகளை வைத்துக் கண்டுகொண்ட கணக்கு. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லெ பிளான் என்பவர் இந்த மூன்று நிறங்களுக்கும் மூன்று தகடு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி முழுவண்ணப் படங்களை அச்சடித்தார். அன்றைக்குக் கிடைத்த மைக்கு அந்தக் கணக்கு ஓடியது. இன்றும் தூரிகைக்காரனுக்கு அது முக்கால்வாசி தூரம் துணைக்கு வரும். மீதிக் கால்வாசியில்தான் உங்கள் ஊதா சேறாகிறது.

சக்கரத்தைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், முப்பட்டகத்தில் பிரிந்த நிறப்பட்டையின் இரண்டு முனைகளையும் வளைத்துச் சேர்த்து வட்டமாக்கிக் காட்டினார். சிவப்பு முனையும் ஊதா முனையும் சந்திக்கும் அந்த ஒட்டில் நம் வாடாமல்லி நிறம் வந்து உட்காருகிறது. வானவில்லில் வாடாமல்லி இல்லை; அடுத்த மழைக்குத் தேடிப் பாருங்கள். சிவப்பும் நீலமும் சேர்ந்து கண்ணைத் தொடும்போது மட்டும் பிறக்கும் நிறம் அது. வண்ணச் சக்கரம் இயற்கையில் கிடைத்த பொருள் அல்ல, வசதிக்காக மனிதன் வளைத்துக்கொண்டது என்பதற்கு இந்த ஒரு பூ போதும்.

சேற்றுக்கு வருகிறேன். நீங்கள் எடுத்தது பிரஷ்யன் நீலமும் வெர்மிலியன் சிவப்பும் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரஷ்யன் நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்த நீலம். சிவப்பு வெளிச்சத்தை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். வெர்மிலியன் மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பு. நீல வெளிச்சத்தை மிச்சமின்றி விழுங்கிவிடும். ஊதாவுக்கு வேண்டியதே சிவப்பும் நீலமும்தான். ஒன்று இதைத் தின்றது, மற்றது அதைத் தின்றது, மிஞ்சியது சேறு. உங்கள் கையில் பிழை இல்லை, ஆள் தேர்வில்தான் பிழை. அல்ட்ராமரைன் நீலத்தோடு கிரிம்சன் லேக் என்ற சிவப்பைக் கலந்து பாருங்கள். அல்ட்ராமரைன் கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாய்ந்தது, கிரிம்சன் கொஞ்சம் நீலப் பக்கம் சாய்ந்தது. இரண்டும் ஊதாவை நோக்கியே நடப்பதால் கத்திரிப்பூ நிறம் சுத்தமாக வரும்.

பச்சைக்கும் இதே விதி. லெமன் எல்லோவும் பிரஷ்யன் நீலமும் சேர்ந்தால் கண்ணைக் குத்தும் கிளிப்பச்சை. அல்ட்ராமரைனும் குரோம் எல்லோவும் சேர்ந்தால் வெயிலில் வாடிய பாசிப்பச்சை. ட்யூபின் மேல் நீலம் என்று மட்டும் எழுதியிருந்தால் அது போதாது. எந்தப் பக்கம் சாய்ந்த நீலம் என்று கேட்க வேண்டும். பட்டுச் சேலை வாங்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது பாடமே நடத்த வேண்டாத விஷயம். வெறும் நீலம் என்று எந்த அத்தையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனந்தா நீலமா, மயில்கழுத்தா, எம்.எஸ். நீலமா என்றுதான் கேட்பார்கள்.

வீட்டில் ஆலத்தி கரைக்கும்போது மஞ்சளில் வெள்ளைச் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு வருகிறதே, அது எந்தச் சக்கரத்தில் இருக்கிறது என்று போன வருடம் ஒரு பையன் வகுப்பில் கேட்டான். நல்ல கேள்வி. அது கலவை அல்ல, வேதிமாற்றம். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைத் தொட்டதும் அதன் மூலக்கூறே உருமாறி வேறு வெளிச்சத்தைத் தின்னத் தொடங்குகிறது. எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். ட்யூப் வண்ணங்களில் இப்படிப்பட்ட விளையாட்டு நடக்காது, கவலை வேண்டாம்.

எதிர் நிறங்களை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள்: சிவப்புக்குப் பச்சை, மஞ்சளுக்கு ஊதா, நீலத்துக்கு ஆரஞ்சு. மனப்பாடத்தைவிட ஒரு தட்டுவடை செட் நல்லது. பீட்ரூட், கேரட் துருவலோடு சிவப்புச் சட்னியும் பச்சைச் சட்னியும் தனித்தனியாக இருக்கும்வரை தட்டு பளிச்சென்று கூப்பிடும். இரண்டு சட்னியும் விரலில் குழைந்துவிட்டால் வரும் நிறத்தைச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிவிடும், கலந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். இரண்டாவது பாதியும் உங்களுக்குப் பயன்படும். ட்யூபிலிருந்து வந்த பச்சை கத்துகிறது என்றால், அதில் செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா ஒரு துளியோ துளி சிவப்போ விடுங்கள். காப்பி இலையின் அடர்ந்த பச்சை கிடைக்கும். கறுப்பை விட்டால் இலை செத்துப்போகும்.

இப்போது நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். நிறத்தை யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பதோடு சேர்த்துத்தான் கண் பார்க்கிறது. இதை நான் கற்றது ஓவியக் கல்லூரியில் அல்ல, சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுத் தறிக் குழிக்குப் பக்கத்தில்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்குத் தார் சுற்றிக் கொடுப்பது, அதாவது தறி நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூலைச் சுற்றுவது, என் வேலை. அரக்கு நிற ஊடை, சேலையின் குறுக்கே ஓடும் நூல். ஒரு சிட்டம் (நூல் கட்டு) தீர்ந்துவிட, இரவில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் இன்னொரு சிட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் ஒரே நிறம். சுற்றிக் கொடுத்தேன், அப்பாவும் இரவோடு இரவாக ஒரு முழம் ஓட்டிவிட்டார். காலையில் வெயில் தறிமேல் விழுந்ததும் சேலையின் குறுக்கே ஒரு பட்டை தெரிந்தது. ஒரு பாதி குங்குமப் பக்கம் சாய்ந்த அரக்கு, மறுபாதி பழுப்புப் பக்கம் சாய்ந்த அரக்கு. இரண்டு வேறு சாயப்பட்டறையில் தோய்த்த நூல். வேறு வேறு சாயங்கள் ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிந்து, இன்னொரு விளக்கில் பிரிந்துவிடலாம் என்பது பிறகு நான் படித்தது. அன்றைக்கு அப்பா அடிக்கவில்லை. “கண்ணு, சாயத்தை வாசலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த ஒரு முழத்தையும் உட்கார்ந்து பிரித்தார். அடித்திருந்தால் மறந்திருப்பேன். நீங்களும் இரவு விளக்கில் வண்ணம் குழைக்காதீர்கள். தேர்வு பகலில்தான் நடக்கும்.

பாரிஸில் கோபெலின் அரண்மனைத் தறிக்கூடத்தில் இதைவிடப் பெரிய வழக்கு வந்தது. அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக 1824இல் செவ்ரல் என்ற வேதியியலாளர் அமர்த்தப்பட்டார். கறுப்பு நூலில் உயிரே இல்லை, சாயம் மட்டம் என்று நெசவாளர்கள் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செவ்ரல் சாயத்தைச் சோதித்தார், வேறு பட்டறைகளின் கறுப்போடு ஒப்பிட்டார், குறை இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் அந்தக் கறுப்பை நெய்திருந்தார்கள் என்பதுதான் குறை. பக்கத்து நிறம் தன் எதிர் நிறத்தின் சாயலைக் கறுப்பின்மேல் ஏற்றிவிட, அது வெளிறித் தெரிந்தது. பட்டறையில் தீராத வழக்கு கண்ணில் தீர்ந்தது. பல ஆண்டு சோதனைக்குப் பிறகு 1839இல் அதைப் பெரிய நூலாக வெளியிட்டார். ஐரோப்பிய ஓவியர்கள் இரண்டு தலைமுறை அதை வைத்துக்கொண்டு படம் வரைந்தார்கள். அந்த மனிதர் 102 வயதுவரை இருந்தார் என்பது வேறு கதை.

சோதித்துப் பாருங்கள். ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு சின்னச் சதுரம் வெட்டி, ஒன்றைச் சிவப்புத் துணியிலும் ஒன்றைப் பச்சைத் துணியிலும் வையுங்கள். சிவப்பின்மேல் இருப்பது பச்சை ஏறியதுபோலவும், பச்சையின்மேல் இருப்பது சிவந்ததுபோலவும் தெரியும். அறிவுக்குத் தெரிந்தாலும் கண் ஒப்புக்கொள்ளாது. மயில்கழுத்துச் சேலை இதற்கு இன்னொரு சாட்சி: நீளவாட்டில் ஓடும் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், மயில்கழுத்து நிறத்தில் ஒரு இழைகூட அதில் இல்லை. மடிப்பு அசையும்போது ஒன்று மேலெழும், மற்றது தாழும்.

இனி மலை.

ஒரு நிறத்துக்கு மூன்று முகம் உண்டு என்று அமெரிக்க ஓவிய ஆசிரியர் மன்செல் 1905இல் வகுத்தார். இது சிவப்பா நீலமா என்பது ஒன்று. அதைச் சாயல் என்போம். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது இரண்டாவது. பளிச்சென்று இருக்கிறதா, மங்கியிருக்கிறதா என்பது மூன்றாவது, செறிவு. பாடப்புத்தகங்களில் ஹியூ, வேல்யூ, குரோமா. மாணவர்கள் முதலாவதிலேயே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். படத்தைத் தூக்கி நிறுத்துவது இரண்டாவது. உங்கள் மலையைக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். முன்னால் உள்ள வேப்பமரமும் பின்னால் உள்ள மலையும் ஒரே சாம்பலாக இருந்தால், எத்தனை பச்சை மாற்றிப் பூசினாலும் அட்டைதான்.

மலை ஏன் அப்படி இல்லை? உங்களுக்கும் மலைக்கும் நடுவில் மைல்கணக்கில் காற்று இருக்கிறது. காற்று நீல வெளிச்சத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும். வானம் நீலமாக இருப்பதற்கும் அதுவே காரணம். இருண்ட மலைக்கு முன்னால் ஒரு சிறுதுண்டு வானம் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் கூடக்கூட மலையின் இருட்டு வெளிறும், செறிவு குறையும், நீலம் ஏறும், நிழலுக்கும் வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கும். சேலத்தில் இதைக் கற்பது சுலபம். நம் ஊர் மலைகளுக்கு நடுவில் ஒரு கிண்ணம்போல உட்கார்ந்திருக்கிறது. வடக்கே பாருங்கள். நகரமலை முன்னால், சேர்வராயன் பின்னால். முன்மலையில் பாறையும் புதரும் காவியும் பச்சையுமாகப் பிரிந்து தெரியும். பின்மலையில் 1500 மீட்டர் உயரத்து ஏற்காடே ஒரு நீலச் சாம்பல் தீற்றலுக்குள் அடங்கிவிடும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு வேப்பிலைக் கொத்தைக் கையை நீட்டி மலைக்கு நேராகப் பிடியுங்கள். இலையை முதலில் பாருங்கள், பிறகு அதன் ஓரத்துக்கு வெளியே தெரியும் மலையைப் பாருங்கள். மலை பச்சை என்று உங்களுக்குச் சொன்னது கண் அல்ல, மரம் என்றால் பச்சை என்ற பாடம். பழைய அஞ்சலட்டை ஒன்றில் கால் அங்குல ஓட்டை போட்டு அதன் வழியாகப் பார்ப்பதும் நல்லது. ஓட்டையில் மலை என்ற பெயர் தெரியாது, நிறம் மட்டும் தெரியும்.

வெண்மைக்கு இதில் ஒரு விதிவிலக்கு. இருண்ட பொருள் தூரத்தில் நீலமாகும். வெள்ளைப் பொருள் லேசாக மஞ்சளிக்கும், ஏனென்றால் அதிலிருந்து வரும் வெளிச்சத்தில் நீலம் வழியிலேயே சிதறிவிடுகிறது. இதைக் காட்ட நம்மிடம் வெள்ளைக்கல் குவியல்கள் இருக்கின்றன. ஏற்காட்டு அடிவாரத்துக்குப் போகும் வழியில் தெரியும் மாக்னசைட் மேடுகளைத்தான் சொல்கிறேன். தூரத்தில் பழைய தந்தம்போல இருக்கும். கிட்டே போனால் வெயில் படும் முகம் கண் கூசும் வெள்ளை, நிழல் முகம் தெளிவான நீலம். நிழலில் விழும் வெளிச்சம் சூரியனுடையது அல்ல, வானத்துடையது. கொடியில் காயும் வெண்பட்டு வேட்டியின் மடிப்புகளிலும் அதே நீலம் இருக்கிறது. நிழல் என்றால் கறுப்பு என்று பூசியவர்கள் யாரும் வேட்டியை நின்று பார்த்ததில்லை.

மலைக்கு மேலே பஸ்ஸில் போனால் பாடம் தலைகீழாகும். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறிவிட்டால் பச்சை உங்களைச் சூழ்ந்துகொள்ளும். காப்பித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் மரங்களின் சாம்பல் வெள்ளி, காப்பி இலையின் எண்ணெய் தடவிய பச்சை, மிளகுக் கொடியின் மஞ்சள் கலந்த பச்சை, வெட்டிய சாலையோரத்தில் பாக்சைட் மண்ணின் சிவப்பு. காப்பிப் பழம் சிவக்கும் மாதத்தில் ஒரு செடி முன்னால் மாலைவரை உட்காருங்கள். பகலில் பழம்தான் முதலில் கண்ணில் அடிக்கும். அந்தி மங்க மங்க அந்தச் சிவப்பு இலையைவிடக் கறுத்துவிடும், இலை இன்னும் லேசாகத் தெரிந்துகொண்டிருக்கும். வெளிச்சம் குறையும்போது நம் கண் வேறு வகைச் செல்களுக்கு வேலையை ஒப்படைக்கிறது. அவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறைய தெரியாது. அந்திக் காட்சி வரைபவர் பூவையும் பழத்தையும் பகல் சிவப்பில் பூசினால் படம் பொய் சொல்லும்.

அந்தச் சிவப்பு மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மண்ணின் சிவப்பும் உங்கள் பெட்டியில் உள்ள பர்ன்ட் சியன்னாவும் உறவுக்காரர்கள். இரண்டுக்கும் நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. மண் மஞ்சளான எல்லோ ஓக்கரும் இரும்புதான், நீர் சேர்ந்தது. சுட்டால் நீர் போய்ச் சிவக்கும், காவியாகும். மேற்கே கஞ்சமலையில் கிடக்கும் கறுத்த காந்தக்கல்லும் இன்னொரு இரும்பு ஆக்சைடே. சேலத்து நிலக்காட்சிக்கு ஓக்கரும் சியன்னாவும் இல்லாத பெட்டி உதவாது.

வெதுவெதுப்பான நிறம், குளிர்ந்த நிறம் என்ற பாகுபாட்டை அதிகம் நம்ப வேண்டாம். அதுவும் பக்கத்து நிறத்தைப் பொறுத்ததே. அல்ட்ராமரைன் பிரஷ்யனுக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பு, கிரிம்சனுக்குப் பக்கத்தில் குளிர்ச்சி. முக்கோணப் பொருத்தம், சதுரப் பொருத்தம் என்று சக்கரத்தில் கோடு போட்டுக் காட்டுவார்கள். தேர்வில் கேட்டால் எழுதிவிடுங்கள், படத்தில் நான் இதுவரை பயன்படுத்தியதில்லை. சிவப்பு என்றால் கோபம், மஞ்சள் என்றால் பொறாமை என்னும் பட்டியல் எனக்குச் சிரிப்பையே தருகிறது. நம் வீட்டில் சிவப்பு குங்குமம், மஞ்சள் மங்கலம்.

பெட்டியில் ஆறு போதும்: லெமன் எல்லோ, எல்லோ ஓக்கர், கிரிம்சன் லேக், அல்ட்ராமரைன், பிரஷ்யன் நீலம், பர்ன்ட் சியன்னா. வெர்மிலியனைத் தூக்கி எறிய வேண்டாம், பூவுக்கு உதவும். கறுப்பை ஒரு மாதம் எடுத்து வையுங்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கறுப்பைவிட ஆழமான இருட்டு கிடைக்கும், நீரை விட்டால் மழைமேகம் வரையிலான எல்லாச் சாம்பலும் அதிலிருந்தே வரும். நீர்வண்ணம் காய்ந்தால் ஒரு படி வெளிறும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் ஞாயிறு அதே மொட்டை மாடிக்குப் போங்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல் மட்டும், மூன்று படிகளில்: வானத்துக்கும் தூரத்து மலைக்கும் வெளிர், நகரமலைக்கு நடுத்தரம், வேப்பமரத்துக்கும் கூரைகளுக்கும் அடர்த்தி. உள்ளங்கை அளவுத் தாள் போதும். நண்பகலில் வேண்டாம், வெயில் உச்சியிலிருந்து விழுந்து மலையின் மடிப்புகளை அழித்துவிடும். காலை ஏழு மணிக்கு ஒன்று வரையுங்கள், வெயில் வலப்பக்கமிருந்து சாய்வாக வரும். மாலை ஐந்துக்கு ஒன்று, இடப்பக்கமிருந்து. பச்சையைத் தொடாமல் இந்த இரண்டிலும் மலை பின்னால் போய் நின்றுவிட்டால், அதற்கடுத்த ஞாயிறு ஆறு நிறத்தையும் திறக்கலாம். நிற்காவிட்டால் இரண்டு படத்தையும் எனக்கு அனுப்புங்கள். எந்தப் படி இடறியது என்று பார்த்துச் சொல்கிறேன்.